சாக்கடல் கரைக்குப் போகும் குடும்பங்களுக்கு

ஜோர்தான், பலஸ்தீன், எகிப்து ஆகிய மூன்று நாடுகளையும் சேர்த்து ஜியாரத் பயணம் போகும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகி வருகிறது. உம்ராவுக்குப் போகிறவர்கள் அத்துடன் சேர்த்துப் போகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் விடுமுறையில் போகிறார்கள். இந்தப் பயணங்களின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "சாக்கடல், இரண்டு மணி நேரம்." அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

நாம் ஒரு குழுவுடன் அங்கே போயிருந்தபோது பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு வயதான தாய் கேட்ட முதல் கேள்வி, "ஹஜ்ரத், இது லூத் நபி கூட்டத்தார் அழிந்த இடம்தானே? இதில் இறங்கிக் குளிக்கலாமா?" என்பதுதான். அவருடைய பேரன்களோ அதற்குள் செருப்பைக் கழற்றிக் கரைக்கு ஓடிவிட்டார்கள். அந்தத் தாயின் கேள்விக்கும் பேரன்களின் ஆசைக்கும் சேர்த்து எழுதப்பட்டதே இக்கட்டுரை.

இடமும் பெயரும்

சாக்கடல் என்று அழைத்தாலும் இது கடல் அல்ல. நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஓர் ஏரி. கிழக்குக் கரை ஜோர்தானுக்கு உரியது. மேற்குக் கரையின் தென்பகுதி இஸ்ரேலிடமும், வடபகுதி ஆக்கிரமிக்கப்பட்ட பலஸ்தீன மேற்குக் கரையிலும் உள்ளன. அரபியில் இதற்கு 'அல்பஹ்ருல் மய்யித்' என்று பெயர். 'பஹ்ர் லூத்', அதாவது லூத் கடல் என்ற பெயரும் நெடுங்காலமாக வழக்கில் உண்டு. இந்த ஏரியில் மிதந்து வந்த நிலக்கீலைப் பழங்காலத்தில் நபாத்திய அரபுகள் சேகரித்து எகிப்துக்கு விற்றார்கள். கிரேக்கர்கள் இதை நிலக்கீல் ஏரி என்றே அழைத்தார்கள்.

நிலப்பரப்பில் உலகிலேயே மிகத் தாழ்வான கரை இதுதான். இதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே 430 மீட்டரையும் தாண்டி இறங்கியிருக்கிறது. அம்மான் நகரிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வழி முழுவதும் இறக்கம்தான். பாதி வழியில் 'கடல் மட்டம்' என்று ஒரு பலகை நிற்கும். அதைத் தாண்டியும் சாலை இறங்கிக்கொண்டே போகும். விமானம் இறங்கும்போது காது அடைப்பதைப் போல இங்கும் அடைக்கும். குழந்தைகளுக்கு ஒரு மிட்டாயைக் கொடுத்துவிட்டால் போதும்.

விடுதிகள் நிறைந்த பகுதி வடகிழக்குக் கரையில், ஸுவைமா என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. நாற்புறமும் பாலைவனக் குன்றுகள். ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மழைகூடப் பெரும்பாலும் பெய்யாது. உலகத் தலைவர்கள் கூடும் மன்னர் ஹுசைன் பின் தலால் மாநாட்டு மண்டபமும் இங்குதான் உள்ளது. தங்காமல் சில மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு வர விரும்புகிறவர்களுக்கு 'அம்மான் கடற்கரை' என்ற பொதுக் கடற்கரை உண்டு. கட்டணம் செலுத்தி உள்ளே போகலாம். நன்னீரில் குளிக்கக் குழாய்கள் இருக்கின்றன. பெரிய விடுதிகளும் பகல் நேரத்துக்கு மட்டும் வெளியாட்களை அனுமதிப்பதுண்டு. ஜோர்தானில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் அந்த நாட்களில் கூட்டம் அதிகம். பர்தாவுடன் நிம்மதியாக இருக்க விரும்பும் பெண்களுக்கு மற்ற நாட்களின் அதிகாலையே நல்ல நேரம்.

லூத் (அலை) அவர்களின் சமூகம் வாழ்ந்த இடமா?

லூத் (அலை) அவர்களின் சமூகத்தாருக்கு நேர்ந்ததைத் திருக்குர்ஆன் பல அத்தியாயங்களில் கூறுகிறது. அந்த ஊரின் பெயரையோ எல்லையையோ அது சொல்லவில்லை. ஆயினும், மக்கள் இன்றும் நடமாடும் பாதையில்தான் அவ்விடம் இருக்கிறது என்று ஹிஜ்ர் அத்தியாயம் கூறுகிறது. மக்காவாசிகள் காலையிலும் இரவிலும் அதைக் கடந்து போகிறார்கள் என்று ஸாஃப்பாத் அத்தியாயம் நினைவூட்டுகிறது. குறைஷிகளின் வணிகக் கூட்டங்கள் ஷாம் நாட்டுக்குப் போன பாதை இந்த வட்டாரத்தை ஒட்டியே சென்றது. அவர்களின் ஊர் நாற்றமடிக்கும் ஓர் ஏரியாக ஆக்கப்பட்டது என்று இப்னு கஸீர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம்களிடையே இது லூத் கடல் என்று பெயர் பெற்றதற்கு இதுவே அடிப்படை.

இங்கு நாம் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சமூகம் அழிக்கப்பட்டது என்பது நமது ஈமானைச் சார்ந்தது. அந்த அழிவு நடந்த இடம் சரியாக இதுதான் என்பது விரிவுரையாளர்களின் கருத்து. புவியியலாளர்கள் கணக்குப்படி, ஆப்பிரிக்க நிலத்தட்டும் அரேபிய நிலத்தட்டும் சந்திக்கும் பிளவுப் பள்ளத்தாக்கில் மனித நாகரிகங்களுக்கு மிக முன்பிருந்தே இங்கு ஏரி இருந்து வருகிறது. எனவே அந்த ஊர்கள் ஏரிக்கரையில் இருந்திருக்கலாம் என்றே ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். தென்கிழக்கே பாபுத் திராஃ, வடகிழக்கே தல்லுல் ஹம்மாம் எனச் சில தொல்லியல் மேடுகளை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். முடிவான கருத்து எட்டப்படவில்லை.

2021-இல், தல்லுல் ஹம்மாம் நகரம் விண்கல் ஒன்று வானிலேயே வெடித்ததால் அழிந்தது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. "குர்ஆன் சொன்னது நிரூபிக்கப்பட்டுவிட்டது" என்று அது நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வந்தது. பலர் ஜும்ஆ பயானிலும் அதைச் சொன்னார்கள். 2025-இல் அந்தக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை. இறைவேதத்தின் உண்மையை ஓர் ஆய்வுக் கட்டுரையின் தோளில் ஏற்றிவைத்தால், கட்டுரை விழும்போது நம் பிள்ளைகளின் மனத்தில் எது விழும் என்பதை யோசிக்க வேண்டும்.

ரூம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வரும் 'அத்னா' என்ற சொல்லுக்கும் இது பொருந்தும். ரோமர்கள் தோற்ற இடத்தை 'அருகிலுள்ள நிலம்' என்றே முற்கால விரிவுரையாளர்கள் பெரும்பாலும் விளக்கினார்கள். 'மிகத் தாழ்ந்த நிலம்' என்று பொருள் கொண்டு, அது சாக்கடல் பகுதிதான் என்று இக்காலப் பேச்சாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சொல்லுக்கு அப்படியும் ஒரு பொருள் காணலாம். ஆனால் அதையே உறுதியான அற்புதமாக நிறுவ முனைவது பொறுப்பான வழியல்ல.

வழிகாட்டிகள் சாலையோரத்தில் ஒரு தூண் போன்ற பாறையைக் காட்டி, "லூத் நபியின் மனைவி இதோ" என்பார்கள். அவள் உப்புத் தூணாக மாறினாள் என்பது பைபிளில் வரும் செய்தி. குர்ஆன் அப்படிச் சொல்லவில்லை. பின்தங்கி அழிந்தவர்களில் அவளும் ஒருத்தி என்றே சொல்கிறது. பாறையைப் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டையும் சொல்லிக் கொடுக்கலாம்.

அப்படியானால் இறங்கலாமா?

தபூக் பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள் ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த ஹிஜ்ர் பகுதியைக் கடந்தார்கள். அழுதவர்களாக அன்றி அவ்விடங்களில் நுழையக் கூடாது என்று தோழர்களுக்குச் சொன்னார்கள். தாமும் தலையை மூடிக்கொண்டு விரைந்து கடந்தார்கள். அங்குள்ள கிணற்று நீரில் பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இந்தச் செய்தி இடம்பெற்றிருக்கிறது.

இதை வைத்து, சாக்கடலும் வேதனை இறங்கிய இடமே என்று கருதும் அறிஞர்கள் அங்கே பொழுதுபோக்கப் போவதையும் குளிப்பதையும் வெறுக்கிறார்கள். இடம் உறுதியாகவில்லை, உறுதியாகாத ஒன்றை வைத்துத் தடுக்க முடியாது என்பது மற்ற அறிஞர்களின் கருத்து. மருத்துவத்துக்காகவும் பயனுக்காகவும் இறங்குவதை இவர்கள் அனுமதிக்கிறார்கள். ஜோர்தான் முஸ்லிம்கள் இந்த நீரையும் உப்பையும் சேற்றையும் தலைமுறைகளாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில் இதுதான்: "உங்கள் மனம் ஒப்பவில்லை என்றால் இறங்காதீர்கள், அது பேணுதல். பேரன்கள் இறங்கினால் பாவம் செய்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆனால் இறங்கும் முன் அந்தச் சமூகத்தின் கதையை அவர்களை உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்." அவர் நிழலில் உட்கார்ந்து சொன்னார். பத்து நிமிடம்தான். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அதன்பின் நடந்துதான் தண்ணீருக்குப் போனார்கள்.

நீரில் இறங்கும் முறை

சாதாரணக் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 விழுக்காடு. சாக்கடலில் அது சுமார் 34 விழுக்காடு. பள்ளியில் உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்ட பாடம் நினைவிருக்கும். இங்கே முட்டையின் இடத்தில் நாம். உடலைவிட நீர் அடர்த்தியாக இருப்பதால் மூழ்க முயன்றாலும் மேலே தள்ளிவிடும்.

"மூழ்காது" என்ற இந்தப் பேச்சுதான் ஆபத்து. குப்புற விழுந்தால் கால்கள் மேலே எழும்பிவிடும். முகத்தை நீரிலிருந்து தூக்கித் திரும்புவது எளிதல்ல. ஒரு மிடறு நீரை விழுங்கினாலும் உடலுக்குக் கேடு. இங்கு நீரில் மூழ்கி இறந்தவர்கள் உண்டு. எனவே:

- முதல் நாளிலிருந்தே மழிப்பதைத் தவிர்க்கவும். சிறு கீறல்கூட நெருப்பாய் எரியும்.
- ரப்பர் செருப்பு அணிந்து இறங்கவும். கரையிலும் அடியிலும் உப்புக் கட்டிகள் கண்ணாடிச் சில்லு போல இருக்கும்.
- முழங்கால் அளவு நீரில் மெதுவாக உட்காருவதுபோல் பின்பக்கம் சாயவும். மல்லாந்து மட்டுமே மிதக்க வேண்டும். நீந்தவோ, குதிக்கவோ, நீரை வாரி இறைத்து விளையாடவோ கூடாது.
- எழும்போது முழங்கால்களை மார்போடு மடக்கி, பிறகு கால்களைக் கீழே ஊன்றவும்.
- கண்ணில் நீர் பட்டால் கையால் தேய்க்க வேண்டாம். அந்தக் கையிலும் உப்பு இருக்கும். கரையில் ஒரு பாட்டில் நல்ல தண்ணீருடன் ஒருவர் நிற்கட்டும்.
- பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். வெளியே வந்ததும் நன்னீரில் குளிக்கவும்.
- சின்னக் குழந்தைகளை இறக்காமல் இருப்பதே நல்லது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபின் போகட்டும்.
- வெள்ளி நகைகளைக் கழற்றிவிடவும், கறுத்துவிடும். பழைய, அடர் நிற உடையே ஏற்றது.

கரையில் கிடைக்கும் கருஞ்சேற்றைப் பூசிக்கொண்டு காயவிட்டுக் கழுவுவது இங்கு வழக்கம். சொரியாசிஸ் போன்ற தோல் நோய்க்காரர்கள் உலகெங்கிலுமிருந்து சிகிச்சைக்கு வருகிறார்கள். தாழ்வான இடம் என்பதால் காற்றின் அடர்த்தி அதிகம். சூரியனின் சுடும் கதிர்களில் ஒரு பகுதி அதில் வடிகட்டப்படுகிறது. உப்பு நீருடன் இந்த வெயிலும் சிகிச்சையில் சேர்கிறது. பல வாரம் தங்கிச் செய்யப்படும் சிகிச்சை அது. ஒரு மணி நேரக் குளியலில் நோய் தீரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

உளூவும் தொழுகையும்

சாக்கடல் நீர் தன் இயல்பான உப்பால் மாறியிருப்பது அதன் தூய்மையைக் கெடுக்காது. கடல்நீரின் சட்டம்தான் இதற்கும். ஆனாலும் வாய் கொப்பளிக்கவும் முகம் கழுவவும் இந்த நீர் துன்பம் தரும் என்பதால் குழாய் நீரிலேயே உளூ செய்யவும். சேறு பூசியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: நகக்கண்ணிலும் முழங்கையிலும் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் தோலில் நீர் படாது, உளூ கூடாது. தேய்த்துக் கழுவிய பிறகே உளூ செய்ய வேண்டும்.

பயணிகள் லுஹரையும் அஸரையும் இரண்டு ரக்அத்களாகச் சுருக்கித் தொழலாம். ஷாஃபிஈ மத்ஹபினர் நிபந்தனைகளுடன் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் சுருக்கி, அந்தந்த வேளையில் தொழுவார்கள். கிப்லா தென்திசையில் சற்றுக் கிழக்கே சாய்ந்திருக்கும். உணவு ஹலால்தான் என்றாலும் பெரிய விடுதிகளில் மதுவும் பரிமாறப்படுகிறது என்பதால், முன்பதிவு செய்யும்போதே கேட்டு, குடும்பத்துக்கு ஏற்ற இடத்தைத் தேர்ந்துகொள்ளவும். ஆட்டிறைச்சியைத் தயிர்க்கட்டிக் குழம்பில் வேகவைத்துச் சோற்றின் மேல் பரப்பித் தரும் மன்ஸஃபை ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள்.

சுற்றுவட்டாரத்தில் பார்க்க வேண்டியவை

*மாதபா:* குன்றின் மேலுள்ள இந்த நகரின் தேவாலயத் தரையில், கி.பி. ஆறாம் நூற்றாண்டில் வண்ணக் கற்களால் பதித்த வரைபடம் இருக்கிறது. அதில் ஜோர்தான் ஆறு சாக்கடலில் விழும் இடத்தில், ஒரு மீன் உப்பு நீருக்குப் பயந்து திரும்பி நீந்துவதுபோல் வரைந்திருக்கிறார்கள். ஆற்றோடு வரும் மீன்கள் ஏரியில் செத்துவிடும் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள். நுண்ணுயிர்கள் மட்டுமே இதில் வாழ்கின்றன.

*நெபோ மலை:* மூஸா (அலை) புனித பூமியை இங்கிருந்து கண்டார்கள் என்பது கிறித்தவ, யூத மரபு. அவர்களின் கப்ரு எங்கே என்பது நமக்கு உறுதியாகத் தெரிவிக்கப்படவில்லை. வானம் தெளிவான நாளில் மலையிலிருந்து சாக்கடலும் எரிகோவும் தெரியும், சில வேளை பைத்துல் முகத்தஸின் குன்றுகளும் தெரியும். பலருக்குப் பயணத்தில் கண் கலங்கும் இடம் அது.

*அல்மக்தஸ்:* ஜோர்தான் ஆற்றங்கரை. யஹ்யா (அலை) அவர்களுடன் தொடர்புபடுத்திக் கிறித்தவர்கள் போற்றும் இடம். 2015 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். ஆற்றைப் பார்க்கும் எவரும் இவ்வளவுதானா என்றே கேட்பார்கள். காரணம் பின்னால் வருகிறது.

*மஃயீன் வெந்நீர் அருவிகளும் முஜிப் பள்ளத்தாக்கும்:* மஃயீனில் பாறையிலிருந்து வெந்நீரே அருவியாக விழுகிறது. முஜிப்பில் செங்குத்துப் பாறைகளுக்கிடையே ஓடும் நீரில் நடக்கும் பாதை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இல்லை. மழை மேகம் தென்பட்டால் எந்தப் பள்ளத்தாக்கிலும் இறங்காதீர்கள். 2018 அக்டோபரில் மஃயீன் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்து, சுற்றுலா வந்த பள்ளிக் குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மழை பெய்தது மலையில். வெள்ளம் வந்தது கீழே.

*ஃகோர் ஸாஃபி:* ஏரியின் தென்கோடி. லூத் (அலை) தங்கியதாகக் கிறித்தவர்கள் நம்பிய குகையும் அதையொட்டிய பழைய மடாலயமும் இங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. 'உலகின் மிகத் தாழ்ந்த இடத்து அருங்காட்சியகம்' அருகிலேயே உள்ளது. பழைய அரபு நூல்கள் ஸுஃகர் என்று அழைத்த ஊர் இதுவே. முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் கரும்பு விளைந்து, சர்க்கரை ஆலைகள் இயங்கிய செழிப்பான ஊர். ஆலைகளின் இடிபாடுகள் இன்றும் உண்டு.

*மூத்தாவும் கரக்கும்:* ஏரிக்குக் கிழக்கே மலை ஏறினால் கரக் கோட்டை. சிலுவைப் போராளிகள் கட்டிய இதை 1188-இல் ஸலாஹுத்தீன் அய்யூபியின் படை மீட்டது. அதற்குத் தெற்கே, ஹிஜ்ரி 8-இல் மூத்தா போர் நடந்த களம். ஸைத் பின் ஹாரிஸா, ஜஅஃபர் பின் அபீதாலிப், அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) ஆகிய மூன்று தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக ஷஹீதான பிறகு காலித் பின் வலீத் (ரலி) கொடியை ஏற்ற களம் இது. மூவரின் கப்ருகளும் மஸார் ஊரில் உள்ளன. நிகழ்ச்சி நிரலில் கடைக்குப் போகும் நேரத்தைக் குறைத்தாவது இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். வடக்கே பள்ளத்தாக்குச் சாலையில் போனால், அம்வாஸ் கொள்ளைநோயில் இறந்த அபூஉபைதா (ரலி) அவர்களின் அடக்கத்தலமும் உண்டு.

விலகிப் போகும் கரை

விடுதிக்காரர்கள் பழைய படிக்கட்டுகளுக்குக் கீழே புதுப் படிக்கட்டுகளைக் கட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். நீர் ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் இறங்குவதால், கரை விலகிக்கொண்டே போகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 390 மீட்டரில் இருந்தது. சுமார் 950 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு இன்று ஏறத்தாழ 600.

இதற்குக் காரணம் வெயில் அல்ல. வெயில் எக்காலமும் காய்ந்தது, ஆறு ஈடுகட்டியது. தபரிய்யா ஏரியிலிருந்து வரும் ஜோர்தான் ஆற்று நீரை 1964 முதல் இஸ்ரேல் பெருங்குழாய்களில் திருப்பிக்கொண்டது. துணையாறான யர்மூக்கை சிரியா அணைகளிலும் ஜோர்தான் கால்வாயிலும் தேக்கின. முன்பு வந்த நீரில் பத்தில் ஒரு பங்குகூட இன்று ஏரியை எட்டுவதில்லை. தென்பாதியில் இரு நாட்டு ஆலைகளும் ஏரி நீரைப் பாத்தி கட்டி ஆவியாக்கிப் பொட்டாஷ் எடுக்கின்றன. அந்தப் பொட்டாஷ் இந்தியாவுக்கும் வருகிறது. நம் வயல்களில் இடும் உரத்தில் இந்த ஏரியும் கொஞ்சம் கரைந்திருக்கிறது. நீர் விலகிய கரையில், நன்னீர் அடியிலுள்ள உப்பைக் கரைக்க, தரை திடீரென்று உள்வாங்கிக் குழிகள் தோன்றுகின்றன. ஆயிரக்கணக்கில் தோன்றிவிட்டன. வேலி போட்ட இடத்தைத் தாண்டி நடக்காதீர்கள். செங்கடலிலிருந்து நீர் கொண்டுவர 2013-இல் ஒப்பந்தமான திட்டத்தை ஜோர்தான் 2021-இல் கைவிட்டது.

ஸஹீஹ் முஸ்லிமில் தமீமுத்தாரி (ரலி) வழியாக வரும் நீண்ட ஹதீஸில், தஜ்ஜால் தபரிய்யா ஏரியைப் பற்றியும் ஸுஃகர் ஊற்றைப் பற்றியும் கேட்பான்: நீர் இருக்கிறதா, மக்கள் அதைக் கொண்டு விவசாயம் செய்கிறார்களா என்று. இரண்டு இடங்களுமே நாம் மேலே பார்த்தவை. இதை வைத்து நாள் குறிக்க நமக்கு அனுமதி இல்லை. ஆனால் ஆற்றின் நீர் இருக்கிறதா என்ற கேள்வி சிறிய கேள்வியல்ல என்பதாவது புரியும். ஓடும் ஆற்றில் உளூ செய்தாலும் வீண்விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம்.

எப்போது போகலாம்?

அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். காலையில் போய் மாலை மங்கும் வரை இருப்பது நல்லது. மஃக்ரிப் நேரத்தில் எதிர்க்கரையில் எரிகோவின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். அந்தக் கரையில் வாழும் பலஸ்தீனர்கள் தங்கள் சொந்தக் கடற்கரைக்கு வரப் பல தடைகளைத் தாண்ட வேண்டும். நாம் பேருந்தில் வந்து இறங்கி மிதந்துவிட்டுப் போகிறோம்.

அந்தத் தாய் கடைசிவரை நீரில் இறங்கவில்லை. மஃக்ரிப் தொழுதுவிட்டு எதிர்க்கரையைப் பார்த்துக் கையேந்தியபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பேருந்துக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். யாரும் அவரை எழுப்பவில்லை.

படிப்பினை பெறும் கண்களையும் பாதுகாப்பான பயணத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.